கட்டுநாயக்கா போய் வர வான் வேண்டும்: எட்டுப் பேர் போகலாமா?

பரந்தன்சந்தி
வெள்ளி, இரவு 8.50

வணக்கம் எல்லோருக்கும். ஆகஸ்ட் முதல் கிழமை கனடாவில் இருந்து சித்தி குடும்பம் வருகிறது, பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. ஆறு வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள், அதனால் வீட்டில் எல்லோருக்குமே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவர ஆசை. அம்மம்மா, அம்மா, மாமா, தம்பி, நான், மனைவி, எங்கள் பிள்ளைகள் இரண்டு என்று எட்டுப் பேர். விமானம் விடிய 3 மணிக்கு இறங்குகிறது. இரவு 8 மணிக்குப் பரந்தனில் வெளிக்கிட்டு, ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். 14 சீற் கே.டி.எச். (ரொயோட்டா ஹயஸ்) வான் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். எட்டும் நாலும் பன்னிரண்டு, சீற் தாராளமாகக் காணும் என்று வான்காரர் சொல்கிறார்.

இன்னொன்று. அவர்கள் நிற்கும் மூன்று கிழமைக்குள் திருக்கேதீச்சரம், மடு, கோணேஸ்வரம் எல்லாம் போக வேண்டும். அதற்குச் சாரதி வேண்டாம், வானை மட்டும் வாடகைக்கு எடு, நானே ஓடுகிறேன் என்று சித்தப்பா சொல்கிறார். அது சரிவருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

மாங்குளத்தான்
வெள்ளி, இரவு 9.20

தம்பி, சீற் கணக்கை விட்டுவிட்டு முதலில் பெட்டிக் கணக்குப் பாருங்கள். கனடாவில் இருந்து வருகிறவர்கள் அநேகமாக ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு கொண்டு வருவார்கள். நாலு பேருக்கு எட்டுப் பெட்டி, 184 கிலோ, கைப்பைகள் வேறு. 14 சீற் வானில் கடைசி சீற்றுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் இரண்டு பெட்டி நிமிர்த்தி வைக்கலாம், தள்ளி நெரித்தால் மூன்று. மிச்சம் எங்கே போகும்? நடுவில் ஆட்கள் நடக்கும் வழியில் அடுக்குவார்கள், அல்லது பிள்ளைகளின் காலுக்குக் கீழே. ஏதாவது நடந்தால் கதவைத் திறந்து இறங்கவே முடியாது.

14 என்ற எண்ணையும் நம்பாதீர்கள். அதில் மடக்கு சீற்றும் சேர்ந்திருக்கிறது. சாய்ந்து இருக்க முடியாது, பெல்ட்டும் கிடையாது. ஏழு மணித்தியாலம் அதில் யாரை இருத்தப் போகிறீர்கள்? பெட்டிகளோடு வசதியாக வருவதென்றால் அந்த வான் ஏழு பேருக்கான வான், எட்டென்றால் கொஞ்சம் நெருக்கம். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது கடைசி வரிசை சீற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனோம், அதைக் கேட்டால் வான்காரர் செய்து தருவார்.

பரந்தன்சந்தி
வெள்ளி, இரவு 9.35

மேலே கரியர் இருக்கிறது அண்ணை, பெட்டிகளை அதில் கட்டலாம் என்று சொன்னார்.

மாங்குளத்தான்
வெள்ளி, இரவு 9.50

கட்டலாம். படங்கு போட்டு மூடி நல்ல கயிற்றால் கட்டினால் மழைக்கும் தாங்கும். ஆனால் உயர்ந்த கூரை வானில் அதற்கு மேலே 180 கிலோ ஏற்றினால் வளைவில் வான் ஆடுவது உள்ளே இருப்பவருக்கே தெரியும், சடுதியாக வெட்டினால் அவ்வளவுதான். பாரம் குறைந்த உடுப்புப் பெட்டி இரண்டு மேலே போகட்டும், மிச்சம் உள்ளே.

ஏ9_சாரதி
வெள்ளி, இரவு 11.15

பதினைந்து வருடமாக ஹயஸ் ஓடுகிறேன், அதில் பாதிக்கு மேல் கட்டுநாயக்கா ஓட்டம்தான். தம்பி, நீங்கள் எழுதியதில் சாரதி எப்போது நித்திரை கொள்வார் என்று ஒரு வரி கூட இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. என்னிடம் வான் பேச வருகிறவர்களில் ஏ.சி. வேலை செய்யுமா, பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள், இதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

கணக்குப் பாருங்கள். பரந்தனில் இருந்து வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போனால் ஒரு பக்கம் 300 கிலோமீற்றருக்கு மேல், இடையில் நின்று போக ஆறரை மணித்தியாலம் பிடிக்கும். 8 மணிக்கு வெளிக்கிட்டால் இரண்டரைக்குப் போய்ச் சேருவீர்கள். அவர்கள் குடிவரவு முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர நாலரை. உடனே திரும்பினால் வீட்டுக்கு வரக் காலை 11 மணி. அந்த மனுசன் முதல் நாள் காலை 6 மணிக்கு எழும்பியிருப்பார், பகலில் வேறு ஓட்டம் ஓடியிருப்பார். ஆக 29 மணித்தியாலம் கண் மூடாத ஒருவரின் கையில் கடைசி 300 கிலோமீற்றரையும் பன்னிரண்டு உயிரையும் கொடுக்கிறீர்கள்.

எனக்கே நடந்திருக்கிறது. 2017 இல், இதே மாதிரி ஓட்டம். கலா ஓயா தாண்டி நொச்சியாகமப் பக்கம் வருகிறேன், விடிந்து நல்ல வெளிச்சம், பின்னால் எல்லோரும் நித்திரை. என் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்க ரயர் கிரவலில் இறங்கிய சத்தத்தில்தான் முழித்தேன், முன்னால் மதகுக் கட்டு, பத்து யார் தூரம் கூட இருக்காது. எப்படி வெட்டித் திருப்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஓரமாக நிற்பாட்டி இறங்கினேன், கால் இரண்டும் நடுங்கியது. பின்னால் ஒரு கைக்குழந்தை இருந்தது. என்ன அண்ணை தேத்தண்ணிக் கடையா என்று கேட்டார்கள், ஓம் என்று சொன்னேன்.

தேத்தண்ணி குடித்தால், பாட்டுப் போட்டால், முகம் கழுவினால் நித்திரை போய்விடும் என்பார்கள். போகாது, பத்து நிமிடம் ஒளித்து நிற்கும். அதற்குப் பிறகு நான் வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான்: ஒன்றில் இரண்டு சாரதி வேண்டும், இல்லையென்றால் எனக்குக் கட்டிலில் ஐந்து மணித்தியாலம். கட்டிலில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பம் நீர்கொழும்பில் அறை எடுக்கும், சாரதி வானுக்குள் படுப்பார். கண்ணாடியைத் திறந்தால் நுளம்பு, பூட்டினால் அவியும். அது நித்திரை இல்லை.

இரவில் ஏ9 ரோட்டில் மாடு வேறு. ஓமந்தைக்கு இங்கால் தார்ச் சூட்டுக்கு மாடுகள் ரோட்டில் வந்து படுக்கும், கறுப்பு மாடென்றால் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. நித்திரைத் தூக்கத்தில் இருக்கிற சாரதியால் அதற்குப் பிரேக் அடிக்க முடியாது.

ஸ்காபரோவில்_இருந்து
சனி, காலை 5.30

வந்து இறங்குகிற ஆளாக நான் சொல்கிறேன். போன வருடம் எங்களை ஏற்ற ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அவ்வளவு பேரையும் கண்டதும் அழுகையே வந்துவிட்டது, அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு என்ன? நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சின்னவனுக்குப் புத்தளம் வரைக்கும் சத்தி. என் மடியில் ஒரு பெட்டி, மனைவியின் மடியில் பெறாமகள். சாரதி இரண்டு தரம் தலையை உதறிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன், அதற்குப் பிறகு வவுனியா வரும்வரை நான் கண் மூடவில்லை, அவரோடு கதைத்துக்கொண்டே வந்தேன். நீர்கொழும்பில் குளித்துவிட்டுக் காலை வரைக்கும் படுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சித்தியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அறைக்கு இவ்வளவு, வானுக்கு இவ்வளவு என்று சொன்னால் அவர்களே ஓம் என்பார்கள். எங்களுக்குச் சொல்லாமல் நீங்களே சுமக்க வேண்டாம். அதே நேரம் ஒரு குறை, வெளிநாட்டு ஆட்கள் என்றதும் வானுக்கு விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏ9_சாரதி
சனி, காலை 7.10

கூட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா, 15 ஆம் திகதி மடுத் திருவிழா, பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் ஒன்றாக வரும், ஓடக்கூடிய வான் ஒன்றும் சும்மா நிற்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் விட்டது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த வானையே திருத்தித் திருத்தி ஓடினோம், உதிரிப்பாகமும் நெருப்பு விலை. வெளிநாட்டுக்காரரா உள்ளூர்க்காரரா என்று பார்க்காமல் கிலோமீற்றருக்கு இவ்வளவு, இரவு தங்கினால் இவ்வளவு என்று எழுதித் தருகிறவரைத் தேடிப் பிடியுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வவுனியா_கணக்கு
சனி, காலை 9.40

எழுத்தில் வாங்குவது பற்றி நானும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டையே இதனால் வந்தது. மூன்று நாள் ஓட்டம், ஒரு தொகை பேசினோம். முடிந்த பிறகு டீசல் வேறு, சாரதியின் சாப்பாடு வேறு, வான் அவருடைய வீட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்த தூரமும் வேறு என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் எப்போதும் அப்படித்தான் கணக்குப் பார்ப்பாராம், நாங்கள் கேட்கவில்லை.

அதனால் மீற்றர் எங்கே இருந்து தொடங்குகிறது, சாரதி இல்லாமல் நாள் வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் சேர்ந்திருக்கிறது என்பதை முதலே கேளுங்கள். பல இடங்களில் 100 தான், கோணேஸ்வரம் போய் வருவதே 350 கிலோமீற்றர் வரும், மிச்சத்துக்கு மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். டீசல் யார் அடிப்பது என்பதும் முக்கியம். ஏ.சி. போட்டு ஆட்களோடு ஓடினால் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம், டீசல் விலை மாதா மாதம் மாறும், ஆகவே இப்போதே ஒரு தொகையைப் பேசி வைத்துவிட்டு ஆகஸ்டில் அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். இடையில் வான் உடைந்தால் வேறு வான் அனுப்புவாரா, முற்பணம் திரும்புமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் போதும்.

காப்புறுதியைப் பலர் பார்ப்பதில்லை. சொந்தப் பாவனைக்கு என்று எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஓடினால் விபத்து நேரத்தில் நிறுவனம் கையை விரிக்கலாம். அட்டையில் வாடகைக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் முன் கண்ணாடியின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், திகதியைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒன்று அடித்திருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்த ரயர். பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த ரயரில் நான் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். மாற்று ரயரையும் ஜக்கையும் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள்.

முள்ளியவளை_அக்கா
சனி, பின்னேரம் 2.15

அம்மம்மாவுக்கு எத்தனை வயது தம்பி? என் மாமியை 78 வயதில் இப்படி ஒரு இரவு ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹயசின் படி உயரம், முழங்கால் நோவுள்ளவர் ஏற முடியாது, சின்னப் பலகைக் கட்டை ஒன்று கொண்டு போனால்தான் சரி. வசதியாக இருக்கட்டும் என்று முன் சீற்றில் இருத்தினோம், அந்த சீற்றுக்குக் கீழேதான் எஞ்சின், மதவாச்சி போவதற்குள் கால் சுடுகிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டா. அவவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்க வேண்டும். ஆண்கள் எங்கேயும் ஒதுங்குவார்கள். பெண்களுக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, இரவு ஒரு மணிக்கு நல்ல கழிப்பறை எங்கே? இதற்குப் பயந்து மத்தியானத்தில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறா, அது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தா.

ஆனால் அவவை விட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆறு வருடம் மகளைக் காணாதவ. பகல் ஓட்டமாக, இடையில் தங்கிப் போவதாக இருந்தால் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் வேறு ஏதாவது வழி யோசியுங்கள், அவவிடமும் கேட்டுப் பாருங்கள்.

கோணேஸ்வரத்துக்குக் கூட்டிப் போனாலும், கோட்டை வாசலில் இருந்து மேலே ஏற்றம், வானை எங்கே நிற்பாட்ட விடுகிறார்கள் என்று பார்த்து ஓட்டோவில் ஏற்றுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் அவவின் முழங்காலுக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

மன்னார்ரோட்டு
சனி, இரவு 7.30

சித்தப்பா ஓடுவது பற்றி ஒருவரும் எழுதவில்லை. கனடா அனுமதிப்பத்திரத்தை மட்டும் காட்டி இங்கே ஓட முடியாது. அங்கேயே சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வந்து, கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் அதைப் பதிய வேண்டும். அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் ஓடி ஏதாவது நடந்தால் காப்புறுதி பணம் தராது, பொலிஸ் வழக்கும் வரும்.

அது கிடைத்தாலும் 14 சீற் வான் ஓட முடியாது. இங்கே பி வகுப்பு அனுமதிப்பத்திரம் என்றால் சாரதியோடு சேர்த்து 9 இருக்கை வரைக்கும்தான், அதற்கு மேலே டி1 வேண்டும். சித்தப்பா ஓடுவதென்றால் எட்டுப் பேர் போகிற நோவா வான் மாதிரி ஒன்றுதான் பொருத்தம். பதினைந்து இருபது வருடம் ரோட்டின் வலப்பக்கம் ஓடிப் பழகியவர் என்பதையும் யோசியுங்கள். முதல் இரண்டு நாள் பரந்தன், பூநகரி என்று கிட்டிய ரோட்டில் ஓடிப் பார்க்கட்டும். திருக்கேதீச்சரத்துக்கு வவுனியாவைச் சுற்றத் தேவையில்லை, பூநகரியில் ஏ32 பிடித்து முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று நேரே போகலாம், நல்ல ரோடு, வாகனமும் குறைவு. கடையும் குறைவு, ஆனபடியால் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பாலாவியில் குளித்துக் கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு மடுவுக்குப் போய், இருட்ட முதல் ஏ9 ஏறிவிடலாம். திருகோணமலைக்கு மட்டும் சாரதியோடு போங்கள். வவுனியாவில் இருந்து ஹொரவப்பொத்தானை ரோட்டில் பொழுது பட்டால் யானை வரும், அதைப் பழக்கமில்லாதவர் ஓடக்கூடாது.

மாங்குளத்தான்
சனி, இரவு 8.05

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் ஒரு அறைக்கும் இரண்டாவது சாரதிக்கும் காசு எல்லா வீட்டிலும் இல்லை. இங்கே கூலி வேலை செய்கிறவர்களும் அண்ணன் தம்பியைக் கூட்டிவரப் போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஆட்களைக் குறைக்கலாம் என்பதுதான். இரண்டு பேர் போனால் 14 சீற் வான் தேவையில்லை, சின்ன வான் காணும். அதில் மிச்சம் பிடிக்கிற காசு சாரதியின் கட்டிலுக்குப் போதும்.

பரந்தன்சந்தி
ஞாயிறு, காலை 10.20

இரண்டு நாளாக வீட்டில் இதுதான் கதை. நேற்று ஏ9_சாரதி அண்ணை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கைக்குழந்தை என்ற இடத்தில் அவ எழும்பிப் போய்விட்டா. சித்தியோடும் கதைத்தேன், நீர்கொழும்பு அறைக்குத் தானே தருவதாகச் சொன்னா, ஏன் முதலே கேட்கவில்லை என்று பேச்சும் விழுந்தது.

நானும் தம்பியும் மட்டும் போகிறோம். கே.டி.எச். தான், கடைசி வரிசை கழற்றுகிறார்கள். பகல் 12 மணிக்கு வெளிக்கிட்டால் ஏழு மணிக்கு முன் நீர்கொழும்பு. சாரதிக்குத் தனி அறை, சாப்பிட்டுப் படுத்தால் மூன்றரைக்கு எழுப்பினால் போதும். ஏற்றிக்கொண்டு வந்து எல்லோரும் குளித்து, கொஞ்சம் படுத்து, எட்டு மணிக்கு வெளிக்கிடுவோம், வழி முழுக்கப் பகல் வெளிச்சம். முதலில் பேசிய வான்காரரிடம் இதைச் சொன்னபோது, சாரதிக்கு எதற்கு அறை என்று கேட்டார். அவரை விட்டுவிட்டேன். கிளிநொச்சியில் இன்னொருவர் எல்லாவற்றையும் தாளில் எழுதித் தந்தார், ரயரையும் பார்த்தேன், போன வருடத்து ரயர்.

அம்மம்மாதான் ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவவே ஒரு வழி சொன்னா. அதைப் போய் வந்து எழுதுகிறேன்.

பரந்தன்சந்தி
ஆகஸ்ட், புதன், இரவு 9.00

வந்து சேர்ந்துவிட்டோம். எட்டுப் பெட்டி இல்லை, ஒன்பது. கழற்றிய வரிசை இருந்திருந்தால் கட்டாயம் இடம் கிடைத்திருக்காது. பிள்ளைகள் அநுராதபுரம் வரைக்கும் நித்திரை, ஒருவருக்கும் சத்தி இல்லை. சாரதி வழியில் இரண்டு இடத்தில் நிற்பாட்டினார், இரண்டும் அவரே கேட்டு நிற்பாட்டியது.

அம்மம்மா சொன்ன வழி முறிகண்டிப் பிள்ளையார் கோயில். எப்படியும் எந்த வானும் அங்கே நிற்கும், நான் அங்கே வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருந்தா. நாங்கள் மாங்குளம் தாண்டும்போது அம்மாவுக்கு அடித்தேன், ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. வான் போய் நிற்கும்போது பிள்ளையாருக்கு முன்னால் கையில் தேங்காயோடு நின்றா, கடையில் வாங்கி வைத்த கச்சான் பை மற்றக் கையில். கதவு முழுக்கத் திறப்பதற்குள் சித்தி இறங்கி ஓடிவிட்டா. சாரதி எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அந்தப் பலகைக் கட்டையை எடுத்துக் கதவடியில் வைத்தார், அம்மம்மாவும் எங்களோடு வானில்தான் வீட்டுக்கு வந்தா.